எந்தக் கல்பு?

சென்ற மீலாத் விழாவுக்கு எங்கள் வகுப்பு தயாரித்த சுவர்ச் சஞ்சிகையின் அரபுப் பகுதியைத் தட்டச்சு செய்தவள் நான். நடுவில் ஒரு பெரிய தலைப்பு வேண்டும் என்றார்கள். "கல்புன் ஸலீம்" என்று போடுவோம் என்றேன். மாசற்ற உள்ளம். சூரத்துஷ் ஷுஅராவின் 89 ஆம் வசனத்தில் வருகின்ற சொல். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பச்சை நிறத்தில் பெரிதாக அச்சிட்டு, ஓரத்தில் பூ வரைந்து, பின்பக்கம் பசையும் தடவிவிட்டோம்.

அப்போது அரபு டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார்.

"இத வாசிங்க மகள்."

வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க. எழுத்தப் பாத்து வாசிங்க."

பார்த்தேன். கை நடுங்கியது. பெரிய காஃப் வரவேண்டிய இடத்தில் சிறிய காஃப் நின்றுகொண்டிருந்தது. பெரிய காஃபில் எழுதினால் கல்பு என்பது உள்ளம். சிறிய காஃபில் எழுதினால் அது நாய். நான் பச்சை நிறத்தில், பூ வரைந்து, அந்தப் புனிதமான நாளுக்காக எழுதி வைத்திருந்தது "சுகமான நாய்".

டீச்சர் திட்டவில்லை. தாளை எடுத்து மெதுவாக மடித்துத் தன் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்னது இதுதான்: "இங்கிலிஷ் எழுத்துல அரபு அடிக்கிறத விட்டுடுங்க. அரபு விசைப்பலகையப் பழகுங்க. இல்லாட்டி கையால எழுதுங்க."

அவர் சொன்னதை ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு விடயத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தவறு என்னுடையது, விசைப்பலகையினுடையது அல்ல என்று ஒரே வரியில் சொல்லித் தப்பிக்கவும் நான் விரும்பவில்லை. விசைப்பலகைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

விண்டோஸ் கணினியில் அரபைச் சேர்த்தால் வழமையாக வருவது அரபு 101 என்ற தளக்கோலம். அதில் ஆங்கில "ஏ" இருக்கும் இடத்தில் ஷீன், அடுத்து ஸீன், யா, பா, லாம், அலிஃப், தா, நூன், மீம் என்று நடு வரிசை போகும். "பி" விசையைத் தட்டினால் லாம் அலிஃப் இரண்டும் சேர்ந்தே விழும். பெரிய காஃப் "ஆர்" விசையில். சிறிய காஃப் அரைப்புள்ளி இருக்கும் விசையில். ஃபத்ஹு வேண்டுமென்றால் ஷிப்டோடு "கியூ", ழம்முவுக்கு ஷிப்டோடு "ஈ", கஸ்ருக்கு ஷிப்டோடு "ஏ". எங்கள் வீட்டு மடிகணினியின் விசைகளில் அரபு எழுத்துகள் அச்சிடப்படவில்லை. பாடசாலைக் கணினி அறையிலும் இல்லை. ஆகவே இதையெல்லாம் மனனம் செய்ய வேண்டும், அல்லது விசைகளில் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்க வேண்டும்.

உற்றுப் பார்த்தால் அந்தத் தளக்கோலத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஸாதும் ழாதும் பக்கத்தில். ஐனும் ஙைனும் பக்கத்தில். ஜீம், பெரிய ஹா, கா மூன்றும் ஒரே மூலையில். உருவத்தால் ஒத்த எழுத்துகளில் சிலவற்றைக் குடும்பமாக வைத்திருக்கிறார்கள். சிறு வயதிலிருந்து அரபை எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாக இருக்கும். எனக்கு அது ஊர் தெரியாத சந்திபோல இருக்கிறது.

ஒலிமுறைத் தளக்கோலம் வேறு வழியில் போகிறது. "பி" விசையில் பா, "எல்" விசையில் லாம், "எம்" விசையில் மீம், "என்" விசையில் நூன். ஆங்கிலத் தட்டச்சுத் தெரிந்தவள் முதல் நாளே அரபில் ஒரு வரி அடித்துவிடலாம். அரபு எழுத்துகள் 28, ஆங்கில எழுத்துகள் 26. அதற்கு மேல் ஹம்ஸாவின் வடிவங்கள், தா மர்பூதா எல்லாம் இருக்கின்றன. ஆகவே சில எழுத்துகள் ஷிப்ட் விசைக்கு மேலே குடியேற வேண்டியிருக்கிறது. ஸீன் "எஸ்" விசையில் என்றால் ஸாத் ஷிப்டோடு "எஸ்". சிறிய ஹா "எச்" என்றால் பெரிய ஹா ஷிப்டோடு "எச்". எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் எடுக்கும் உருவங்களை நாம் கவனிக்க வேண்டியதில்லை. கணினியே சேர்த்துவிடும். அலிஃப், தால், புள்ளியுள்ள தால், றா, ஸா, வாவ் ஆகிய ஆறும் தமக்கு அடுத்த எழுத்தோடு சேராது என்பதையும் அது அறிந்து வைத்திருக்கிறது. ஓதப்பள்ளியில் நான் அதற்குப் பட்ட பாடு ஞாபகம் வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். டீச்சரும் என் தோழிகளும் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அடித்தால் கணினி தானே ஊகித்து அரபுச் சொல்லாக மாற்றித் தருவது ஒன்று. ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று நாமே அடிப்பது இன்னொன்று. முதலாவதில் எழுதுபவள் நான் அல்ல, கணினி. அது தரும் பட்டியலில் முதலாவது சொல்லைத் தெரிவுசெய்துவிட்டுப் போய்விடுவோம். இரண்டாவதில் ஒவ்வோர் எழுத்துக்கும் நானே பொறுப்பு. அரபு இளைஞர்கள் கைத்தொலைபேசியில் ஐனுக்கு 3, பெரிய ஹாவுக்கு 7, ஹம்ஸாவுக்கு 2 என்று ஆங்கில எழுத்தோடு இலக்கங்களைக் கலந்து எழுதுகிறார்களே, அது மூன்றாவது வகை. அது அரபு எழுத்தே அல்ல. இந்த மூன்றையும் "இங்கிலிஷ்ல அரபு" என்று ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை.

தமிழிலும் இதே கதைதான். எங்கள் சாச்சா அச்சகத்தில் வேலை செய்கிறார். பாமினியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். பாமினியில் "அம்மா" என்று வர "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று தட்ட வேண்டும். ஒலிக்கும் விசைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனால் சாச்சா ஒருநாளும் ளகர லகரம் பிழைவிட்டதை நான் கண்டதில்லை. எங்கள் தலைமுறையோ "ஏ, எம், எம், ஏ" என்று அடித்து அம்மாவை வரவழைக்கிறது. இந்தச் சஞ்சிகைக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளைத் திருத்த உதவியபோது ஒரு கட்டுரையில், "வெள்ளிக்கிழமை ஆண்கள் அனைவரும் பல்லிக்குச் சென்றனர்" என்று இருந்தது. பள்ளி பல்லியாகிவிட்டது. எழுதிய தங்கை என்னை மன்னிக்க வேண்டும். நாய் எழுதியவள் நான், பல்லியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

ஆகவே டீச்சரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. 101 தளக்கோலத்தில் அடிப்பவள் எழுத்தின் உருவத்தைத் தேடுகிறாள். வட்டத் தலையும் மேலே இரண்டு புள்ளியும் உள்ள எழுத்து எங்கே என்று பார்க்கிறாள். ஒலிமுறையில் அடிப்பவள் தன் நாவைக் கேட்கிறாள். என் நாவு சொன்னது "க". தமிழில் கல்பு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாவு அது. உம்மா "என்ட கல்புக்குள்ள ஒரு பயம்" என்பார். வாப்பா "அவருக்குக் கல்பு சுத்தம்" என்பார். அதில் எந்தக் காஃப் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை, அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அந்தத் தமிழ்க் கல்பைத்தான் நான் அப்படியே விசையில் தட்டினேன்.

ஆனால் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. என் நாவு இரண்டு காஃபையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது என்பது 11 வருடம் ஓதப்போயும் எனக்குத் தெரியாமல் இருந்தது. தாளைப் பார்த்து ஓதும்போது கண் சரியாக வாசிக்கிறது, நாவு பின்னால் போகிறது. உருவத்தைத் தேடி அடித்திருந்தால் அந்தப் பிழை மறைந்தே இருந்திருக்கும். ஒலிமுறை விசைப்பலகை அதைப் பச்சை நிறத்தில் பெரிதாக அச்சிட்டுக் காட்டிவிட்டது. அன்றிலிருந்து "கே" விசைக்கு விரல் போகும் ஒவ்வொரு முறையும் எந்தக் காஃப் என்று ஒரு கணம் நிற்கிறேன். எந்த ஸ? ஸீனா, ஸாதா, மூன்று புள்ளி ஸாவா? எந்த ஹ? அந்த ஒரு கணத்தில் உதடு அசைந்து பார்க்கிறது. இது எழுத்துப் பயிற்சியா, தஜ்வீத் பயிற்சியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. ஒலிமுறை என்றால் யாருடைய ஒலி? இணையத்தில் கிடைக்கும் தளக்கோலங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவருடைய ஒலிக்குச் செய்யப்பட்டவை. நான் முதலில் பயன்படுத்தியதில் ழாத் என்ற எழுத்து ஷிப்டோடு "டி" விசையில் இருந்தது. அவர்கள் ரமழானை "ரமடான்" என்று எழுதுகிறவர்கள், அவர்களுக்கு அது பொருந்தும். எங்களுக்கு? நாங்கள் ரமழான், வுழூ, பர்ழு, காழி என்று எழுதுகிறோம். அந்த எழுத்துக்குத் தமிழின் ழகரத்தைக் கொடுத்த சமூகம் எங்களுடையது. தமிழை ஒலிமுறையில் அடிக்கும்போது ழகரத்துக்கு "இஸட்" விசையைத் தட்டிப் பழகிய விரல் இது. அந்த விரல் ழாதுக்காக ஏன் "டி" விசைக்குப் போக வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மச்சி இதற்கு ஒரு வழி காட்டினார். மைக்ரோசொப்ட் நிறுவனம் தளக்கோலம் ஆக்குவதற்கென்றே ஒரு இலவச மென்பொருளைத் தந்திருக்கிறது. ஏற்கனவே உள்ள ஒரு தளக்கோலத்தை அதில் திறந்து, ஒவ்வொரு விசையாகச் சொடுக்கி, நமக்கு வேண்டிய எழுத்தை வைத்துக்கொண்டு போகலாம். முடிந்ததும் அதுவே நிறுவும் கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். மென்பொருள் பழையது. அதனால் டொட் நெட் 3.5 என்ற இன்னொரு பழைய பகுதியையும் கணினி முதலில் கேட்கும், பயப்பட வேண்டாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் லுஹருக்குப் பிறகு உட்கார்ந்தோம், அஸருக்கு முன்னர் முடித்துவிட்டோம். ஸாவை "இஸட்" விசையிலும் ழாதை ஷிப்டோடு அதே விசையிலும் வைத்தேன். லுஹரின் முதல் எழுத்தை ஷிப்டோடு "எல்" விசையில் வைத்தேன். மச்சி சிரித்தார். அரபிகள் பார்த்தால் தலை சுற்றும் என்றார். அரபிகளுக்காக நான் செய்யவில்லையே.

முதல் முறை நிறுவியபோது ஒரு முட்டாள்தனம் செய்தோம். தளக்கோலத்தின் மொழி என்ன என்று கேட்கும் இடத்தில் அரபைத் தெரிவுசெய்ய மறந்து ஆங்கிலமாகவே விட்டுவிட்டோம். எழுத்து அரபில் வந்தது, ஆனால் வேர்ட்டில் முற்றுப்புள்ளிகள் வரியின் தப்பான பக்கம் போய் நின்றன. அகற்றிவிட்டு, அரபு என்று மாற்றி மீண்டும் நிறுவினோம். இப்போது விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் தமிழ், ஆங்கிலம், அரபு மூன்றும் மாறி மாறி வருகின்றன. பந்தியை வலமிருந்து இடமாக்க வலப்பக்கக் கொன்ட்ரோலையும் வலப்பக்க ஷிப்டையும் ஒன்றாக அழுத்தினால் போதும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி வரியை வலப்பக்கம் தள்ளுகிறார்கள் என்று கணினி அறையில் பார்த்திருக்கிறேன்.

கணினி அறை என்றதும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாமாகச் செய்த தளக்கோலத்தை நிறுவ நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். மாணவிகளுக்கு அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் பொறுப்பானவர்கள் ஒருமுறை நிறுவித் தந்தால் என்ன? கேட்டோம். "அரபு ஏற்கனவே இருக்குத்தானே" என்று பதில் வந்தது. இருக்கிறது. கலைப்பிரிவில் அரபையும் இஸ்லாமிய நாகரிகத்தையும் எடுத்துப் படிக்கும் எங்களில் எத்தனை பேர் அதில் ஒரு பந்தி அடிக்கக்கூடியவர்கள்? எங்கள் வகுப்பில் விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையே மிஞ்சியது. செயற்திட்ட அறிக்கைகளில் அரபு வரவேண்டிய இடத்தைக் கோடு போட்டு விட்டுவைத்து, பிறகு பேனையால் எழுதுகிறோம். இணையத்திலிருந்து படமாக வெட்டி ஒட்டுகிறோம். மொழியைப் படித்துவிட்டு அதில் எழுதக் கருவி இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வெட்கமாகத் தெரிகிறது, விசைப்பலகை எந்த முறை என்பது அதற்குப் பிறகுதான்.

டீச்சரின் பக்கத்தில் இரண்டு நியாயங்களை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று, நாளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலோ அரபு அலுவலகத்திலோ போய் உட்கார்ந்தால் அங்குள்ள விசைகளில் அச்சிட்டிருப்பது அவர்களுடைய தளக்கோலம். என் பென் ட்ரைவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த நாள் வந்தால் அதைப் பழகிக்கொள்வேன், சாச்சா பாமினியைப் பழகியதுபோல. மற்றது இன்னும் முக்கியமானது. குர்ஆன் வசனங்களை எந்த விசைப்பலகையிலும் நாம் அடிக்கவே கூடாது என்பது இப்போது என் கருத்து. ஒரு புள்ளி தவறினாலும் பொருள் மாறும் இடம் அது, என்னைப் போன்றவளின் விரலை நம்ப முடியாது. 2007 இல் தொடங்கிய தன்ஸீல் என்ற திட்டம் குர்ஆனின் யூனிகோட் உரையைச் சரிபார்த்து எல்லோருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறது. அங்கிருந்து பிரதி எடுத்தால் போதும். அன்று அந்தத் தலைப்பையும் அப்படிச் செய்திருந்தால் டீச்சரின் கொப்பிக்குள் ஒரு தாள் குறைவாக இருந்திருக்கும்.

அப்படியானால் நான் எதைத்தான் அடிக்கிறேன்? அரபுக் கட்டுரைகள், பயிற்சிகள், சொற்பட்டியல்கள். அதோடு ஒரு கொப்பி.

அது என் உம்மும்மாவின் உம்மாவுடையது. வெலிகமவிலிருந்து கலியாணம் முடித்து வரும்போது கொண்டுவந்தது. பைத்துகள், தாலாட்டு, சில கைமருந்துகள். எல்லாம் தமிழ், ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. முழுவதும் அரபுத் தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் பத்ஹுத் தய்யானை எழுதிய அதே எழுத்து. அரபில் இல்லாத ப, ச, ட, ழ போன்ற ஒலிகளுக்காக, இருக்கின்ற அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளைச் சேர்த்து எங்கள் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து. உம்மும்மாவுக்குப் பத்திரிகை வாசிக்க வராது. பாடசாலைக்கு மூன்று வருடந்தான் போனவர். ஆனால் அந்தக் கொப்பியைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். எனக்குத் தமிழும் வரும், அரபும் வரும், அந்தக் கொப்பி மட்டும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருக்கு வயது 81. ஒரு கண்ணில் பொறை.

அந்தக் கொப்பிக்குத்தான் உண்மையில் எனக்கு இந்த விசைப்பலகை வேண்டும். உம்மும்மா வாசிக்க வாசிக்க நான் ஒலியைக் கேட்டு அடிக்கிறேன். உருவத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அவர் மூன்று வரி தாண்டிவிடுவார். ஒரு வரிசையில் அவர் எழுத்தில், அதன் கீழே தமிழில். முதல் பக்கத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி மகள். ஆனா இது எங்கட எழுத்தில்லயே. பனாவுக்குக் கீழ ஈக்கிற புள்ளி எங்க?"

சாதாரண அரபில் இருக்கும் எழுத்துகளை வைத்துச் சமாளித்திருந்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். மீண்டும் மச்சியைத் தொந்தரவு செய்து, அரபுத் தமிழ் எழுத்துகளுக்கு வலப்பக்க ஓல்ட் விசையோடு இடம் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறோம். எழுத்துருவும் மாற்ற வேண்டியிருந்தது, கணினியில் இருந்தவற்றுள் சில அந்த எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் பெட்டியைக் காட்டின. ஷெஹ்ரஸாத் நியூ என்ற இலவச எழுத்துரு ஒத்துழைக்கிறது. பகரமும் சகரமும் முடிந்துவிட்டன. ஒவ்வோர் எழுத்தையும் உம்மும்மா ஒரு கடதாசித் துண்டில் பெரிதாக எழுதித் தருகிறார், நான் அதற்குப் பொருத்தமானதைத் தேடுகிறேன்.

கொப்பியில் 46 பக்கங்கள். 9 முடிந்திருக்கிறது. பரீட்சை முடியும்வரை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் உட்காருவதென்று உம்மா கட்டளை. போன வெள்ளி தாலாட்டின் இரண்டாவது அடியில் நின்றுவிட்டோம். அந்தச் சொல்லில் வருவது ளகரமா ழகரமா என்று உம்மும்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் உம்மா எப்படிப் பாடினார் என்று கண்ணை மூடி இரண்டு மூன்று தரம் பாடிப் பார்த்தார். விசைப்பலகையில் கையை வைத்தபடி நான் காத்திருந்தேன்.